வாசற்படியில் குறுக்கே படுப்பவன்

(தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதை, கேட்டவர்கள் சொன்னதற்காக எழுதித் தந்தது.)

எல்லாருக்கும் வணக்கம்.

தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் டீச்சர் என்றுதான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். நான்தான் நாயைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கூப்பிட்ட தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி டீச்சர் என்றார். அவர் தயங்கியது ஏன் என்று எனக்குத் தெரியும். நம் பகுதியில் இப்போது நாய்ப் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. பால் வாங்கப் போன இடத்தில் கடி வாங்கியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சோறு பிசைந்து தெருமுனையில் வைக்கிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடியைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவன் பெயர் சுக்கான். பெயர் வைத்தவர் என் மாமனார். நாற்பது வருஷத்துக்கு மேல் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், அப்புறம் லாஞ்சு. 2013-ல் ஒரு மழைநாளில், வலை போட்டு வைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் தாய் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை மடியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிறந்து ஒரு மாசம் இருக்கும். நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித்தான் நேராக நிற்கும். “சுக்கான் மாதிரி வாலு பாரு” என்றார் மாமா. படகைத் திருப்புகிற பலகைக்குச் சுக்கான் என்று பெயர். இங்கே பாதிப் பேருக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதுவே அவன் பெயராகிவிட்டது. செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். நம் தெருக்களில் தினமும் பார்க்கிற நாட்டு நாய்தான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் சாக்குப் போட்டுக் கொடுத்தாலும் அங்கே படுக்க மாட்டான். வாசற்படியில் குறுக்கேதான் படுப்பான். யார் வெளியே போனாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே ஒரு தடவை மூக்கை இழுப்பான். யார் போகிறார்கள் என்று கணக்கு எழுதிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

2016 வாக்கில் மாமாவுக்கு மறதி வந்தது. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின, அப்புறம் நாளும் கிழமையும். கடைசி வரைக்கும் போகாதது காற்றின் பெயர்கள்தான். வாசலில் நின்று முகத்தைத் திருப்பி, “கச்சான் அடிக்குது” என்பார், சரியாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் மூணு மணிக்கும் எழுந்து, “யம்மா, கதவத் தொற, நேரமாச்சு” என்று என்னை எழுப்புவார். நாற்பது வருஷம் அந்த நேரத்தில் எழுந்த உடம்பு, அதை மறக்கவில்லை. நான் எழுந்து டீ போட்டுக் கொடுத்து, இன்றைக்குக் கடல் சரியில்லையாம் மாமா என்று சொல்லிப் படுக்க வைப்பேன்.

2018 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். மூணே கால் மணிக்கு எதற்கோ விழிப்பு வந்தது. மாமாவின் பாய் காலி. வாசற்படியைப் பார்த்தேன், அதுவும் காலி.

என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். அது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற மாசமாக இருந்தால் அந்த நேரத்தில் ஏலச் சத்தமும் ஐஸ் பெட்டிச் சத்தமுமாகத் துறைமுகம் முழித்துக்கொண்டிருக்கும். மாமாவைத் தெரிந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அன்றைக்கு லாஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன, ஆள் இல்லை. நான் மார்க்கெட் பக்கம் தேடினேன். கூப்பிட்டுப் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று தோன்றியதும், “சுக்கான், சுக்கான்” என்று கத்திக்கொண்டே போனேன்.

நாலரை மணிக்கு போன் வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன். “டீச்சர், உங்க நாய் இங்க நின்னு கத்திட்டே இருக்குது. கடையத் தொறக்க வந்தேன். கிட்ட கூப்ட்டா வரமாட்டேங்குது, தொரத்துனா போகவும் மாட்டேங்குது. ரோட்டுக்கு ஓடியாருது, திரும்ப கல்லு பக்கம் ஓடுது.” மாமா தினமும் காலையில் அந்தக் கடையில் டீ குடிப்பார், சுக்கானுக்கு ஒரு பொறை வாங்கிப் போடுவார். அதனால் கடைக்காரருக்கு நாயைத் தெரியும். இருட்டில் கல்லுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனிதரை அவர் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் நாயைத்தான்.

கடல் அரிக்காமல் இருக்கக் கரை நெடுகப் பெரிய பெரிய பாறையாகக் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கல்லில்தான் மாமா உட்கார்ந்திருந்தார். கால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது, அலை வந்தால் நனையும் தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது சுக்கான் ரோட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் போயிருந்தான். அவருக்கும் கடலுக்கும் நடுவில், வாசற்படியில் எப்படிப் படுப்பானோ அப்படியே குறுக்கே படுத்திருந்தான். அவன் முதுகு முழுக்க நனைந்திருந்தது. மாமாவின் வேட்டி முழங்காலுக்கு மேல் காய்ந்தே இருந்தது. “இவன் வழி விட மாட்டேங்கிறாம்மா” என்று என்னிடம் புகார் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்த நாய்க்கு என்ன தெரிந்தது? தெரு முழுக்க ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பைரவர் காப்பாற்றினார் என்றார்கள். நாய்க்கு எமன் வருவது கண்ணுக்குத் தெரியும் என்றார்கள். நான் அறிவியல் பாடம் எடுத்தவள், ஆனாலும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. படிக்க ஆரம்பித்தேன். படித்ததிலும் பார்த்ததிலும் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: உள்ளுணர்வு என்று நாம் சொல்வது, நாய் நம்மைக் கவனிக்கிற கவனிப்பு. நம்மை அத்தனை பொறுமையாகக் கவனிக்கிற வேறு உயிர் நம் வீட்டில் கிடையாது. பெற்ற பிள்ளை நம் முகத்தை ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பார்க்கிறது, சொல்லுங்கள்? நாய்க்கு அதுதான் வேலை.

மாமாவின் நடை அதற்கு மனப்பாடம். வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் டீக்கடை, அங்கே ஒரு நிறுத்தம். அப்புறம் வலைக் கொட்டகை, அங்கே ஒரு நிறுத்தம். அப்புறம் திரும்ப வீடு. கல் பக்கம் அவர் போனதே இல்லை. அன்றைக்கு டீக்கடையைத் தாண்டி, நிற்காமல் போனார். ஒரு நாய்க்கு அது போதும். நமக்கு மின்விசிறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைகிற மாதிரி, வீட்டு ஒழுங்கு குலைந்தால் அதற்கு உடம்பெல்லாம் முழித்துக்கொள்ளும்.

மூக்கு இருக்கிறதே, அது தனி உலகம். நம் மூக்கில் வாசனை பிடிக்கிற செல்கள் ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். நாம் இழுத்த மூச்சை வந்த வழியே விட்டு, வாசனையையும் கலைத்துவிடுகிறோம். நாய் மூக்கின் நுனியில் இரண்டு பக்கமும் சின்னக் கீற்று இருக்கும், இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூச்சை அந்தக் கீற்று வழியாகப் பக்கவாட்டில் விடும். முன்னால் இருக்கிற வாசனை கலையாது. அதனால் விட்டு விட்டு, மறுபடி மறுபடி முகர்ந்துகொண்டே இருக்க முடிகிறது.

1989-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் லண்டன் டாக்டர்கள் இரண்டு பேர் ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் தொடையில் இருந்த மச்சத்தை அவள் வளர்த்த நாய் விடாமல் மோந்துகொண்டிருந்தது, உடுப்புக்கு மேலேயே. ஒரு நாள் அரைக்கால் சட்டை போட்டிருந்தபோது அந்த மச்சத்தைக் கடித்து எடுக்கவே பார்த்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பரிசோதித்தால் தோல் புற்றுநோய். அவளுக்கே வலி தெரியாத நிலையில் நாய் நச்சரித்து அனுப்பியிருக்கிறது.

2022-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்கார வைத்துக் கஷ்டமான கணக்கை மனசுக்குள் போடச் சொன்னார்கள். கணக்குக்கு முன்னால் ஒரு தடவை, பதற்றம் வந்த பிறகு ஒரு தடவை, வியர்வையையும் மூச்சையும் துணியில் பிடித்துக்கொண்டார்கள். பழக்கிய நாலு நாய்களிடம் மோந்து பார்க்கக் கொடுத்தால், நூற்றுக்கு 93 தடவைக்கு மேல் பதற்றத் துணியைச் சரியாகக் காட்டின. அந்த ஆட்களை நாய்கள் முன்னே பின்னே பார்த்ததே கிடையாது! அப்படியென்றால் ஐந்து வருஷம் கூடவே இருந்த மனிதரின் பதற்றம் எப்படித் தெரியாமல் இருக்கும்? நம் வீட்டில் யாராவது அழுதால் நாய் வந்து முழங்காலில் மோவாயை வைக்கிறது. எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்படுகிறோம். அழுகை கண்ணுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் வாசனை உடம்பில் வந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பிள்ளைகளுக்கு. செருப்பைக் கடித்துப் போட்டுவிட்டு நாய் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். “பாரு, தப்புப் பண்ணதுன்னு அதுக்கே தெரியுது” என்போம். 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் நியூயார்க்கில் அதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயையும், செய்ததாக நினைத்து வளர்த்தவர்கள் திட்டினால் அதே முகத்தை வைத்துக்கொள்கிறது. அந்த முகம் நம் கோபத்தைப் படித்து வருகிற முகம். நாய் தன் மனசாட்சியைப் பார்த்துத் தலை குனிவதில்லை, நம்மைப் பார்த்துக் குனிகிறது. இதைப் படித்த அன்றைக்கு நான் சுக்கானை எதற்கெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று யோசித்தேன். அடிக்கிற கையை அது புரிந்துகொண்டுதான் அடி வாங்குகிறது, ஆனால் எதற்கு என்று அதற்குத் தெரியாது.

சுனாமி சமயத்தில் ஒரு செய்தி வந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2004 டிசம்பர் 26. புதுச்சேரிப் பக்கம் சின்னக்காலாப்பட்டு. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் அம்மா இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஏழு வயசு மூத்தவனை ஓடு என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு ஓடினாள். அவன் பயத்தில் குடிசைக்குள் போய்விட்டான். செல்வகுமார் என்று பெயர் வைத்திருந்த அவர்கள் வீட்டு நாய் உள்ளே போய், இழுத்தும் முட்டியும் அவனை மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மிருகங்களுக்குச் சுனாமி முன்கூட்டியே தெரியும் என்று அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு தேவைப்படவில்லை. அந்த நாய் தண்ணீரைப் பார்த்த பிறகு, தான் மட்டும் ஓடியிருக்கலாம். ஓடாமல் வீட்டுக்குள் போனது. அதைவிடப் பெரிய அதிசயம் எனக்கு வேண்டாம்.

இந்த நன்றியைத் தமிழர்கள் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலம், சுமார் 1400 வருஷத்துக்கு முந்தையது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. அந்தக் கல்லில் அவனோடு அவன் நாயும் இருக்கிறது. நாய்க்குத் தனியாக எழுத்தும் இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்று சொல்கிறது அந்த எழுத்து. எத்தனை ராஜாக்களின் பெயர் அழிந்துபோயிற்று! இந்த நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தக் ‘காத்திருந்தது’ என்ற சொல்தான் முக்கியம். எஜமான் விழுந்த பிறகும் அது போகவில்லை. கல் வெட்டியவனிடம் யாரோ ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார், இதையும் எழுது என்று. அந்தச் சொன்ன மனிதரை நான் கும்பிடுகிறேன்.

ஜப்பானில் ஹாச்சிகோ கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாக விடுகிறேன். 1925-ல் எஜமான் செத்துப்போனார், 1935-ல் தான் சாகும் வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. அதிகம் சொல்லப்படாத பகுதி, ஆரம்ப வருஷங்களில் அங்கே அதை விரட்டினார்கள் என்பது. 1932-ல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் எல்லாரும் தடவிக் கொடுத்தார்கள். நாயின் நன்றி முதல் நாளிலிருந்தே இருந்தது. மனிதர்கள் வந்து சேர ஏழு வருஷம் ஆயிற்று.

இப்போது நான் சொல்லப்போவதை வெளியில் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயசு. ராயபுரத்தில் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனோம். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். எங்களிடம் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. சாமானை எல்லாம் மீன்பாடி வண்டியில் ஏற்றி, என்னை அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அப்பா வண்டிக்காரரோடு நடந்து வந்தார். ஜிம்மி பின்னாலேயே ஓடி வந்தது. அதற்கு இது ஒரு விளையாட்டு. மின்ட் தாண்டியும் வந்தது. பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் வண்டி திணறியது, அப்பா பின்னால் வந்து தள்ளினார். அப்போது ஜிம்மி அவர் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று வாலாட்டியது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது எப்படி ஆட்டுமோ அப்படியே. அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

கல் முன்னங்காலில் பட்டது. அது கத்தவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்று, காலைத் தூக்கிக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. வண்டி ஏற்றத்தைத் தாண்டும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் மாநகராட்சி நாய் வண்டி பிடித்துப் போன நாய் திரும்பாது; கொல்வதை நிறுத்திக் கருத்தடை செய்து திரும்ப விடுவது என்று ஆனது 1996-ல்தான். ஜிம்மிக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் தமிழ் வகுப்பு. நாலடியார் நடத்தினார்கள். யானை எத்தனை பழகினாலும் தன் பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலைக் குழைக்கும். அதனால் யானை போன்றவர் நட்பை விட்டு, நாய் போன்றவர் நட்பைக் கொள்ளுங்கள் என்று ஒரு பாட்டு. நான் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். அந்தப் பாட்டை எழுதியவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எழுத முடியாது.

அதனால்தான் கேட்கிறேன். நாய் நன்றியுள்ளதா என்று இத்தனை நூற்றாண்டாகப் பேசிவிட்டோம். நாம் அதற்கு என்னவாக இருந்தோம்? நம் தெருக்களில் கடிக்கிற நாய்களில் எத்தனை, ஒரு காலத்தில் ஒரு வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவை? குட்டியாக இருக்கும்போது பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி, வாடகை வீடு மாறும்போதோ சொறி வந்தபோதோ மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். அது அங்கே நின்று ஒவ்வொரு வண்டியையும் முகர்ந்து பார்க்கிறது. பசியிலும் பயத்திலும் என்றோ ஒரு நாள் யாரையோ கடிக்கிறது. கடி வாங்கியவர்கள் கோபப்படுவது நியாயம். அவர்கள் குழந்தையின் காலில் ரத்தம் வந்திருக்கிறது. அவர்களிடம் போய் நாயின் அருமையைப் பேசுவது சரியில்லை.

அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. கடி பட்டால் உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். நேராக ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடுகிற ஊசியும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த தேதியில் ஒன்றைக்கூட விடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறேன். குட்டிக்கு மூணு மாசத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம். சுக்கானை நாங்கள் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். அது 1903-லிருந்து இருக்கிற கல்லூரி, நம் ஊருக்குப் பெருமை. காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. நாயை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊசி போடாமல் தெருவில் விடுகிறவர், அந்த நாய்க்கும் பகை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பகை.

மனிதன் நாய்க்கு நன்றாக இருந்த கதையும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914-ல் ஒரு புதைகுழி கிடைத்தது. 14,000 வருஷத்துக்கு முந்தையது. ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு ஏழு மாசம் போல இருக்கும் ஒரு நாய்க்குட்டி. அதன் பல்லை ஆராய்ந்தவர்கள் அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்திருக்க வேண்டும் என்று 2018-ல் எழுதினார்கள். அந்த நோயில் யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொள்ளாமல் குட்டி அத்தனை வாரம் பிழைத்திருக்காது. அப்போது விவசாயம் கிடையாது, பானை கூட அவர்களிடம் கிடையாது. வேட்டைக்கு உதவாத, எழுந்து நிற்க முடியாத ஒரு குட்டிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். செத்த பிறகு தங்களோடு புதைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 2015-ல் ஜப்பானில் ஒரு ஆய்வு செய்தார்கள்: நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்தால் இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது, தாய் பால் கொடுக்கும்போது சுரக்கிற அதே பொருள். ஓநாயை வளர்த்தவர்களிடம் அது நடக்கவில்லை. அந்தக் குட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவர் அதன் கண்ணைப் பார்த்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

மாமா 2019 ஆடி மாசம் போய்ச் சேர்ந்தார். வீட்டில்தான், தூக்கத்தில். கடைசி மூணு நாள் சுக்கான் வாசற்படிக்கு வரவில்லை. மாமா பாயின் ஓரத்தில் படுத்திருந்தான். சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவான். எங்களுக்குத் தெரியவில்லை, ஜுரம்தானே என்று நினைத்தோம். காரியம் முடிந்து பாயைச் சுருட்டியபோது அதற்குக் கீழே இருந்த பழைய லுங்கியை வாயில் கவ்விக்கொண்டு போய் வாசற்படியில் போட்டு அதன் மேல் படுத்தான். துவைக்க எடுத்தேன். என்னைப் பார்த்தான். துவைக்காமல் விட்டுவிட்டேன். அந்த லுங்கியில் மாமா இன்னும் கொஞ்சம் இருந்தார், எங்களுக்குத்தான் அது தெரியாது. மழையும் வெயிலும் பட்டு அதில் ஒன்றும் இல்லாமல் போன பிறகு, ஒரு நாள் அவனாகவே அதை விட்டுவிட்டான்.

இப்போது சுக்கானுக்குப் பன்னிரண்டு வயசு முடிந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டதால் காலையில் நான்தான் கூட்டிப் போகிறேன். கூட்டிப் போகிறேன் என்று சொல்வதே தவறு, கயிறு என் கையில் இருக்கிறது, வழி அவனுடையது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பான். டீக்கடையில் ஒரு நிறுத்தம். வலைக் கொட்டகையில் ஒரு நிறுத்தம். எவ்வளவு நேரம் மாமா அங்கே நின்று பேசுவாரோ அவ்வளவு நேரம். நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்று காலையும் போனோம். டீக்கடை அண்ணன் கேட்காமலே ஒரு பொறையைத் தண்ணீரில் நனைத்து வைத்தார், இப்போது அவனுக்குப் பல் இல்லை. சாப்பிட்டு முடித்து, ரோட்டைத் தாண்டிக் கல் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றை இழுத்தான். நானும் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். என்ன காற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவன் போகலாம் என்று கயிற்றை இழுக்கும் வரை நின்றோம்.